192.5 கட்ஆஃப், பிசி: கிண்டியா, குரோம்பேட்டையா, பிஎஸ்ஜியா? எதுவரைக்கும் ஆசைப்படலாம்?

தாராபுரம்_அம்மா

எல்லாருக்கும் வணக்கங்க. பொண்ணு ஸ்டேட் போர்டு, தனியார் பள்ளி. கணிதம் 98, இயற்பியல் 94, வேதியியல் 95. கட்ஆஃப் (கணிதம் முழுசா, மத்த ரெண்டும் பாதியா, 200க்கு) 192.5 வருது. பிசி. டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு) விண்ணப்பம் போட்டு சான்றிதழ் சரிபார்ப்பும் முடிஞ்சாச்சு. ரேங்க் லிஸ்ட் இன்னும் வரலை.

அவளுக்கு இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) மேல ஆசை, இல்லைன்னா சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்). அண்ணா பல்கலைக்கழகத்தோட கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, அப்புறம் கோயம்புத்தூர் பிஎஸ்ஜி, சிஐடி, ஜிசிடி, சென்னை எஸ்எஸ்என், இந்த வரிசையில எழுதி வெச்சிருக்கா. சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. கிண்டியே கிடைக்கும்னு அடிச்சுச் சொல்றவரோட பையன் படிச்சு முடிச்சது 2009ல. பிஎஸ்ஜி கனவுலகூட வேண்டாம்ங்கறவங்க பொண்ணு போன வருஷம் அங்க கிடைக்காம வேற காலேஜ் போனா.

அவசரம் என்னன்னா, ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல இருந்து தினமும் போன். திங்கட்கிழமைக்குள்ள 50,000 கட்டினா இசிஇ சீட்டு உறுதியாம். வீட்டுக்காரர் கட்டிப்போடலாம்ங்கறார். கவுன்சிலிங்ல நல்ல இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்புன்னு தெரிஞ்சா முடிவு பண்ணிக்குவோம்.

பீளமேடு_அண்ணாச்சி

ஏனுங்க, 192.5க்குக் கிண்டி இசிஇ, சிஎஸ்இ நினைச்சே பாக்காதீங்க. அதெல்லாம் 198, 199 ஆளுங்க சண்டை போடற இடம். பிஎஸ்ஜி இசிஇயும் கஷ்டம். சிஐடி, குமரகுருன்னு பாருங்க. முக்கியமா ஒண்ணு: மேல நாலஞ்சு இடத்தைக் கிண்டி, எம்ஐடின்னு போட்டு வீணாக்காதீங்க. கிடைக்கறதை முதல்ல போட்டாத்தான் கிடைக்கும். அனுபவத்துல சொல்றேன்.

குரோம்பேட்டை_சீனியர்

ஆன்ட்டி, அண்ணாச்சி சொன்னதுல முதல் பாதி ஓரளவு சரி. ரெண்டாவது பாதியை மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. சாய்ஸ் லிஸ்ட் அப்படி வேலை செய்யாது. லேப் இருக்கு, ராத்திரி விரிவா எழுதறேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அம்மா, பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி, சேர்க்கைக் காலத்தில் உதவி மையத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு 'கிடைக்கும்', 'கிடைக்காது' என்று ஒற்றை வரியில் பதில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இன்றைய தேதியில் உங்களிடம் இருப்பது மதிப்பெண் மட்டும். இடம் கொடுப்பது மதிப்பெண் அல்ல, ரேங்க். எத்தனை பேர் உங்கள் பெண்ணுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம். அது ஒவ்வோர் ஆண்டும் மாறும்.

ஏன் இவ்வளவு மாறுகிறது? கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200 என்பது பழைய கணக்குதான். ஆனால் பிளஸ் டூ 1200 மதிப்பெண்ணாக இருந்தபோது ஒரு பாடத்துக்கு 200. கணிதத்தைப் பாதியாக்கி, மற்ற இரண்டையும் கால்வாசியாக்கிச் சேர்ப்பார்கள். கட்ஆஃப் 0.25 இடைவெளியில் நகரும். 2019 தொகுதியிலிருந்து மொத்தம் 600, பாடத்துக்கு 100. இப்போது 0.5 இடைவெளிதான். 190க்கும் 200க்கும் நடுவே, இரண்டு முனைகளையும் சேர்த்து, 21 எண்கள் மட்டுமே. லட்சக்கணக்கானோர் இருக்கும் பட்டியலின் மேல்தட்டு முழுவதும் அந்த 21 படிகளில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. வினாத்தாள் கொஞ்சம் எளிதாக வந்த ஆண்டில் அதே 192.5க்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுதலாக வந்துவிடுவார்கள். 'போன வருஷம் 192க்குக் கிடைத்தது' என்ற பேச்சுக்கு அதனால்தான் மதிப்பில்லை.

ஒரே கட்ஆஃப் வாங்கியவர்களுக்குள் வரிசை எப்படி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கணிதம், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பன்னிரண்டாம் வகுப்பு மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி. எல்லாமே சமமானால்தான் கணினி குலுக்கிக் கொடுக்கும் ரேண்டம் எண். கணிதம் 95, இயற்பியல் 97, வேதியியல் 98 வாங்கியவருக்கும் 192.5தான். உங்கள் பெண் கணிதத்தில் 98, ஆகவே அவருக்கு முன்னால் நிற்பாள். 192.5 கூட்டத்தில் அவள் இடம் முன்பகுதியில்தான் இருக்கும். ரேண்டம் எண் சரியில்லை என்று புலம்புகிற பலருக்கு அந்த எண் பயன்படுவதே இல்லை.

தாராபுரம்_அம்மா

இதை எங்களுக்கு யாருமே சொல்லலைங்க சார். அப்ப ரேங்க் வர்றவரைக்கும் எதுவும் கணிக்க முடியாதுங்களா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தோராயமாகக் கணிக்கலாம். போன ஆண்டு ரேங்க் பட்டியல் டிஎன்இஏ தளத்தில் இருக்கும். 192.5, கணிதம் 98 வாங்கியவருக்குப் பொது ரேங்க் என்ன, பிசி ரேங்க் என்ன என்று பாருங்கள். அதுதான் தொடக்கப் புள்ளி. பிறகு இந்த ஆண்டுத் தேர்வு முடிவு வந்த அன்று செய்தித்தாளில் வந்ததை எடுத்துப் பாருங்கள்: கணிதத்தில் சதம் அடித்தவர்கள் எத்தனை பேர், இயற்பியலில் எத்தனை, வேதியியலில் எத்தனை. போன ஆண்டைவிடக் கூடியிருந்தால் உங்கள் ரேங்க் பின்னால் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பின்னால் என்பது ரேங்க் வந்தால்தான் தெரியும்.

அடுத்து, போன ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு கிளையிலும் பிசியில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க். மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்க்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிசி ரேங்க் அதைவிட நன்றாக முன்னால் இருந்தால் நம்பலாம். கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தால் பாதிக்குப் பாதி. பின்னால் இருந்தாலும் ஆசைக்குப் போடலாம், தப்பில்லை.

இதிலும் ஓர் எச்சரிக்கை. 60 இடம் உள்ள கிளை என்று வையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் போனால் 55 சொச்சம். பிசிக்கு 26.5 சதவீதம் என்றால் 15 இடம்கூட முழுதாக வராது. பதினைந்து பேரில் இரண்டு பேர் மனம் மாறி மருத்துவம் போனாலே கடைசி ரேங்க் எங்கோ போய் நிற்கும். சின்ன வகுப்புக்குப் போன ஆண்டுக் கணக்கு சரியாகப் பொருந்தாது. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்தைப் பார்த்து, அதில் மோசமானதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பொதுப்பிரிவு 31 சதவீதத்தில் எல்லாச் சமூகத்தவரும் போட்டியிடலாம். உங்கள் பெண்ணின் பொது ரேங்க்குக்கு அதில் இடம் இருந்தால் அதிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால்தான் பிசி. நீங்கள் இதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நிரந்தரச் சமூகச் சான்றிதழ் பதிவேற்றியது சரியாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் பொதுப்பிரிவாகவே கருதுவார்கள்.

பீளமேடு_அண்ணாச்சி

வாத்தியார் சொல்றதெல்லாம் சரிங்க. ஆனா எங்க தெருவுலயே மேல மேல பெரிய காலேஜாப் போட்டு, கடைசில சுமாரான காலேஜ்ல போய் விழுந்த பசங்க இருக்காங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?

குரோம்பேட்டை_சீனியர்

அண்ணாச்சி, அவங்க விழுந்தது மேல போட்டதால இல்ல. நடுவுல போடாததால.

கம்ப்யூட்டர் செய்யறது ரொம்ப எளிமையான வேலை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருத்தரா எடுக்கும். உங்க முறை வரும்போது உங்க லிஸ்ட்டை மேலேர்ந்து படிக்கும். முதல் சாய்ஸ்ல இடம் இருக்கா? இல்லையா, ரெண்டாவது. அதுவும் இல்லையா, மூணாவது. எது முதல்ல காலியா இருக்கோ அது உங்களுக்கு. அம்பதாவது சாய்ஸ்ல பிஎஸ்ஜி போட்டிருந்தாலும் சரி, முதல்ல போட்டிருந்தாலும் சரி, உங்க முறை வரும்போது அங்க சீட் இருந்து, அதுக்கு மேல போட்டது எல்லாம் நிரம்பியிருந்தா, பிஎஸ்ஜி உங்களுக்குத்தான். உங்களுக்குப் பின்னாடி ரேங்க்ல இருக்கறவன் பிஎஸ்ஜியை முதல்ல போட்டிருக்கான்னு அவனுக்குத் தூக்கிக் குடுக்காது.

அதனால வரிசை முழுக்க ஆசைப்படி. கிடைக்குமாங்கற கணக்கு வரிசைக்கு வேண்டாம். அது எதுக்குன்னா, லிஸ்ட் எவ்வளவு தூரம் கீழ போகணும்னு தெரிஞ்சுக்க. சாய்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது. சில பேர் பத்து பதினஞ்சு போட்டுட்டு நிறுத்திடறாங்க, அத்தனையும் பெரிய பேரு. எதுவுமே கிடைக்காம அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படறாங்க. அங்க போனா நல்ல காலேஜ் எல்லாம் நிரம்பியிருக்கும். அண்ணாச்சி தெருப் பசங்களுக்கு நடந்தது அதுதான்னு பந்தயம் கட்டறேன்.

கிடைக்கறதை முதல்ல போட்டா என்ன ஆகும் தெரியுமா? நிச்சயம் கிடைக்கும். மேல நல்ல இடம் காலியா இருந்தாலும் அதுக்கு எட்டிக்கூடப் பாக்காது.

பீளமேடு_அண்ணாச்சி

சரி தம்பி, லாஜிக் புரியுது. நேர்ல போய் ஸ்க்ரீனைப் பாத்துட்டே எடுத்த காலம் வேற.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. 2017 வரை கிண்டியில் நேரில்தான் கலந்தாய்வு. திரையில் காலியிடம் ஓடும், குடும்பத்தோடு உட்கார்ந்து இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே பட்டியல் என்பதே இல்லை. 2018இல் இணையத்துக்கு மாறிய பிறகுதான் வரிசை எழுதும் வேலை வந்தது. அதற்கும் முன்னால், 1984 முதல் நுழைவுத்தேர்வு இருந்த காலத்தில், கட்ஆஃப் 300க்கு. 2007இல் அந்த நுழைவுத்தேர்வு போனது. இந்த மூன்று காலத்து அறிவுரையும் இன்று ஒரே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது.

ஈரோடு_அப்பா

அம்மா, அலாட்மென்ட் வந்தப்புறம் வர்ற ஆப்ஷனையும் இப்பவே புரிஞ்சு வெச்சுக்குங்க. அன்னிக்கு ரெண்டு நாள்தான் டைம், பதட்டத்துல கை தவறும். கிடைச்சதை ஒத்துக்கிட்டு சேர்றது ஒண்ணு. ஒத்துக்கிட்டு, மேல காலியானா மாத்திக் குடுங்கன்னு கேக்கறது ஒண்ணு, இதுதான் 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்'. மூணாவது, கிடைச்சதை விட்டுட்டு மேல கிடைச்சா மட்டும் போதும்ங்கறது. அடுத்த சுற்றுக்குப் போறதும் மொத்தமா விலகறதும் தனி.

என் பையன் ரெண்டாவதைக் குடுத்தான். கையில ஒரு இடம் இருந்துச்சு. முதல் சுற்றுல சீட் வாங்கி சேராம விட்டவங்க இடம் காலியாகி, லிஸ்ட்ல ரெண்டு படி மேல போயிட்டான். போகலைன்னாலும் பழைய இடம் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையன், அதே மார்க்கு ஏரியா, கிடைச்சதை விட்டுட்டு அடுத்த சுற்றுக்குப் போறேன்னான். அங்க அவன் விட்டதுகூட இல்லை.

மேல எவ்வளவு காலியாகும்ங்கறது மருத்துவக் கவுன்சிலிங் எந்த வாரம் நடக்குதுங்கறதைப் பொறுத்தது. பயோ மேத்ஸ் எடுத்து ரெண்டுலயும் மார்க் வாங்கினவங்க எம்பிபிஎஸ் கிடைச்சா இங்க விட்டுடுவாங்க. நீட் முடிவு தள்ளிப் போனா அந்தக் காலியிடம் நம்ம சுற்றுக்குள்ள வராமலே போயிடும்.

கிண்டி_ஜியோ_அக்கா

கிண்டின்னாலே சிஎஸ்இ, இசிஇ மட்டும்தான்னு எல்லாரும் பேசறது எனக்கு எரிச்சல். நான் அங்க ஜியோஇன்ஃபர்மாடிக்ஸ். கிண்டியில மைனிங் இருக்கு, பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் இருக்கு, மெட்டீரியல் சயின்ஸ் இருக்கு. ஏசிடியில (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) செராமிக், லெதர், டெக்ஸ்டைல், ஃபுட் டெக். எம்ஐடியில ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ், புரொடக்‌ஷன், ஆட்டோமொபைல். இந்தக் கிளைகளோட கடைசி ரேங்க் சிஎஸ்இயை விட ரொம்பப் பின்னாடி இருக்கும். 192.5க்கு கேம்பஸ் உள்ள நுழைய இதுதான் வழி.

ஆனா நுழையலாமாங்கறது தனிக் கேள்வி. நல்லதைச் சொல்லிட்டு கெட்டதையும் சொல்றேன். பிளேஸ்மென்ட் கிண்டி, எம்ஐடி, ஏசிடி எல்லாத்துக்கும் சேர்த்து சியுஐசி (பல்கலைக்கழகத்தோட வேலைவாய்ப்பு மையம்) வழியாத்தான். ஐடி கம்பெனிகள்ல நிறைய எல்லாக் கிளைக்கும் திறந்தது, நானே அப்படித்தான் வேலைக்குப் போனேன். சில பெரிய சம்பளக் கம்பெனிகள் சர்க்யூட் பிராஞ்ச் (இசிஇ, சிஎஸ்இ மாதிரி கிளைகள்) மட்டும்னு போட்டுடும். அந்த நாள்ல ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து இசிஇ ரூம்மேட் கிளம்பறதைப் பாத்துட்டு இருக்கணும். பாடமும் சர்வே, ரிமோட் சென்சிங்னு வரும். அதுல கொஞ்சமாவது ஆர்வம் இல்லைன்னா நாலு வருஷம் இழுவை.

பொண்ணுக்கு நிஜமாவே எலக்ட்ரானிக்ஸ்தான் பிடிக்கும்னா, நல்ல தன்னாட்சிக் கல்லூரியில இசிஇ எடுக்கறது கிண்டியில ஏதோ ஒண்ணு எடுக்கறதை விட மேல்னு நான் சொல்வேன். எங்க பேட்ச்லயே இதை ஒத்துக்காதவங்க நிறைய.

குரோம்பேட்டை_சீனியர்

நான் ஒத்துக்கலை 😀. எம்ஐடி ஹேங்கர்ல உக்காந்து படிக்கற சுகம் வேற எங்க கிடைக்கும். கலாமும் சுஜாதாவும் படிச்ச இடம். சும்மா சொல்லலை, சீனியர் வட்டம்னு ஒண்ணு இருக்கு, அது கிளையைப் பாக்காது. ஆனா அக்கா சொன்னதுல ஒண்ணு ரொம்பச் சரி, கிளை பிடிக்காம வர்றவன் ரெண்டாவது செமஸ்டர்லயே தெரிஞ்சுடுவான். இதை ஆன்ட்டி முடிவு பண்ணக்கூடாது, பொண்ணு முடிவு பண்ணட்டும்.

தாராபுரம்_அம்மா

அவகிட்ட காட்டினேன். ரப்பர் வேண்டாம், ஜியோ யோசிக்கறேன்ங்கறா. அந்த 50,000 பத்தி யாரும் சொல்லலையே?

ஈரோடு_அப்பா

கட்டாதீங்க. கட்டித்தான் ஆகணும்னா, கவுன்சிலிங்ல இடம் கிடைச்சு விலகினா எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதிக்குள்ளன்னு எழுத்துல வாங்குங்க. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒவ்வொரு வருஷமும் கட்டணம் திருப்பித் தர்றது பத்தி சுற்றறிக்கை விடும், அதைச் சொல்லிக் கேளுங்க. போன்ல பேசறவங்க குரல் மாறறது தெரியும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

வாய்ப்பைக் கணிப்பதன் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். 192.5 பிசிக்கு நல்ல கல்லூரி ஒன்றில் இசிஇ கிடைக்காமல் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. எந்தக் கல்லூரி என்பதுதான் தெரியாது. தனியார் கல்லூரிகளும் கலந்தாய்வுக்கு 65 சதவீத இடம் தருகின்றன, சிறுபான்மைக் கல்லூரிகள் 50. அதோடு 2024இல் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) ஒரு கிளைக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டதால், சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் சிஎஸ்இ, அதன் கிளைப் பிரிவுகள் எல்லாம் பெருத்திருக்கின்றன. கூட்டம் அங்கே ஒதுங்கினால் நடுத்தட்டில் இசிஇக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் வரும். கிண்டியில் இதனால் எதுவும் இளகாது. ஆக, நீங்கள் பயப்படும் நிலைமை வராது. வராத ஒன்றுக்காக 50,000 ரூபாய் முன்பணம் எதற்கு?

தாராபுரம்_அம்மா

ரேங்க் வந்துருச்சுங்க. சார் சொன்ன மாதிரி போன வருஷ 192.5ஓட ஒப்பிட்டா ஆயிரத்துக்கும் மேல பின்னாடி. வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போச்சு. ஆனா போன வருஷ பிசி கடைசி ரேங்க் லிஸ்ட்டை எடுத்து வெச்சு பொண்ணே ராத்திரி உக்காந்து மூணு கலர்ல குறிச்சுட்டா. பணம் கட்டலைங்க. திங்கட்கிழமை போய் செவ்வாய்க்கிழமையும் போன் வந்துச்சு, இன்னும் சீட்டு இருக்காம்.

முதல் பன்னண்டு இதுங்க, பாத்துச் சொல்லுங்க: கிண்டி இசிஇ, எம்ஐடி இசிஇ, கிண்டி சிஎஸ்இ, எம்ஐடி சிஎஸ்இ, பிஎஸ்ஜி இசிஇ, எஸ்எஸ்என் இசிஇ, பிஎஸ்ஜி இஇஇ சாண்ட்விச், சிஐடி இசிஇ, ஜிசிடி இசிஇ, மதுரை தியாகராஜர் இசிஇ, கிண்டி ஜியோ, குமரகுரு இசிஇ. அதுக்குக் கீழ இன்னும் நாப்பது போல இருக்கு.

குரோம்பேட்டை_சீனியர்

ஆன்ட்டி, ஏழாவது தெரிஞ்சு போட்டீங்களா? சாண்ட்விச்னா அஞ்சு வருஷம்.

தாராபுரம்_அம்மா

ஐயோ, இல்லைங்க. பேரைப் பாத்து ஏதோ ஸ்பெஷல் கோர்ஸ்னு நினைச்சோம்.

பீளமேடு_அண்ணாச்சி

கோர்ஸ் நல்ல கோர்ஸ்தானுங்க, இடையில இடையில ஃபேக்டரி டிரெய்னிங் வரும். எங்க மில்லுல வந்த பசங்க கையில வேலை தெரிஞ்சவங்க. ஆனா ஒரு வருஷம் கூடுதல்னு தெரிஞ்சுதான் போடணும். அதே மாதிரி பிஎஸ்ஜி, சிஐடி லிஸ்ட்ல கிளைப் பேருக்குப் பின்னாடி எஸ்எஸ்னு இருந்தா அது சுயநிதி, ஃபீஸ் வேற. அரசு உதவி பெறுற இசிஇயும் சுயநிதிக் கிளையும் ஒரே கேட்டுக்குள்ளதான், ஆனா ரசீது ஒரே மாதிரி வராது.

கிண்டி_ஜியோ_அக்கா

ஜியோவை குமரகுரு இசிஇக்கு மேல வெச்சிருக்கீங்க. பொண்ணு யோசிச்சு வெச்சதா, அப்பா வெச்சதா?

தாராபுரம்_அம்மா

அப்பா 😅. அவ மூணு படி கீழ இறக்கிட்டா இப்பத்தான். சாண்ட்விச்சையும் எடுத்தாச்சு. நாளைக்குச் சாயங்காலத்தோட டைம் முடியுது, காலையில இன்னொரு தடவை வரிசை நம்பரெல்லாம் சரிபார்த்துட்டு விட்டுடறோம்.

நாமக்கல்_2டி

இதே இழையிலயே கேக்கறேன், 189, எம்பிசி, பையன், மெக்கானிக்கல் ஆர்வம். ஜிசிடி கிடைக்குமா?

குரோம்பேட்டை_சீனியர்

எம்பிசி ரேங்க் என்ன ப்ரோ?

நாமக்கல்_2டி

ரேங்க் பாக்கலை. கட்ஆஃப் 189.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

ரேங்க்கை எடுத்துக்கொண்டு தனி இழை தொடங்குங்கள் தம்பி, பார்க்கிறேன்.